ஃபுட்டிங் முடிந்தது என்று மேஸ்திரி சொன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

"ஃபுட்டிங் முடிஞ்சுது சார், அடுத்த பணம் போட்டுவிடுங்க" என்று மேஸ்திரி போன் செய்தபோது நான் பண்ருட்டி பஸ்ஸில் இருந்தேன். சாயங்காலம் மனைக்கு வந்து பார்த்தால் பள்ளம்தான் முடிந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பள்ளம் தோண்டுவதும் ஃபுட்டிங், கம்பி கட்டுவதும் ஃபுட்டிங், கான்கிரீட் போடுவதும் ஃபுட்டிங். கடலூரில் முதன்முதலாக வீடு கட்டுகிறவர்கள் இந்தச் சொல்லிலேயே ஒருமுறை தடுக்கி விழுந்துவிடுகிறோம்.

தமிழில் தூணுக்குக் கால் என்றும் பேர் உண்டு. சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபம், கல்யாண வீட்டுப் பந்தக்கால் எல்லாம் அந்தக் கால்தான். காலுக்கு ஒரு பாதம் வேண்டாமா? அதுதான் ஃபுட்டிங். சில்வர் பீச் மணலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாலு காலும் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்தால் நிற்கும். தூணில் இறங்கும் பாரத்தை அப்படி அகலமாகப் பரப்பி மண்ணிடம் ஒப்படைக்கும் கான்கிரீட் மேடை அது. அஸ்திவாரம், கடைக்கால் என்பது தரைக்குக் கீழே உள்ள மொத்த வேலை; ஃபுட்டிங் அதில் ஒரு பகுதி. நம் ஊரில் பேஸ்மட்டம் என்பது தரைக்கு மேலே, வீட்டின் தளமட்டம் வரை எழுப்புவது. ஒப்பந்தம் எழுதும்போதே இவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. கால் பிடிமானம், ஒருவரோடு ஒருவருக்குள்ள நிலை, கணக்கேட்டில் ஒரு பத்தியின் கூட்டுத்தொகை என்று பல. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நம் மாவட்டச் செய்தியில் வரும் "போர்க்கால அடிப்படையில்" என்பதிலும் ஒளிந்திருப்பது இதே ஃபுட்டிங்தான். சரி, பள்ளத்துக்கு வருவோம்.

முதல் வேலை மண் பரிசோதனை. தேவனாம்பட்டினம் பக்கம் கடல் மணல், கெடிலம் ஆற்றங்கரையை ஒட்டி வண்டலும் களியும், கேப்பர் மலை ஏறினால் செம்மண். சில கிலோமீட்டருக்குள் மூன்று விதம். அதனால் "பக்கத்துத் தெருவில் நாலுக்கு நாலு போட்டோம்" என்பதெல்லாம் உங்களுக்கு உதவாது. ஒரு சதுர மீட்டர் மண் எத்தனை டன் தாங்கும் என்று பரிசோதனை சொல்லும். கணக்கு எளிது. ஒரு தூணில் 30 டன் இறங்குகிறது, ஃபுட்டிங்கின் சொந்த எடைக்கு 10 சதவீதம் சேர்த்தால் 33. மண் 15 டன் தாங்கினால் 33-ஐ 15-ஆல் வகுக்க, 2.2 சதுர மீட்டர். அதாவது சுமார் 5 அடிக்கு 5 அடி. அதே தூண், மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 6 அடிக்கு 6 அடி. கனம், கம்பி அளவெல்லாம் இன்ஜினியர் போட்டுத் தர வேண்டியவை.

அடுத்து நூல் பிடித்து மார்க்கிங், அப்புறம் பள்ளம். கொட்டி நிரப்பிய மண் முழுவதையும் தாண்டி இயற்கை மண்ணைத் தொட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டாதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயல் கார்த்திகையில் வந்தது, 2011 தானே புயல் மார்கழியிலேகூட வந்தது, நினைவிருக்கும்தானே. கடலோர மணலில் பள்ளத்தின் ஓரம் சரியும், அடியில் தண்ணீர் ஊறும். மூலையில் சின்னக் குழி வெட்டி, அதிலிருந்து மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். கான்கிரீட் போடும் இடத்திலேயே ஹோஸை வைத்தால் தண்ணீரோடு சிமெண்ட் பாலும் போய்விடும்.

அடிமட்டத்தைத் திமிசு போட்டு, 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 அங்குலத்துக்கு பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட். இது கம்பிக்குச் சுத்தமான தரை. அவ்வளவுதான்.

அதன்மேல் கம்பி மேட், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கம்பி வலை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பள்ளத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். மேட்டைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் கான்கிரீட் துண்டான கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த செங்கல் துண்டு. ஒன்றை உருவி எடுத்தேன், ஈரத்தில் ஊறி விரலோடு செம்பொடி வந்தது. "எல்லா இடத்துலயும் இதுதான் சார் வைக்கிறோம்" என்றார் கம்பி கட்டுகிறவர். செங்கல் தண்ணீரை உறிஞ்சும்; நம் ஊர் உப்புத் தண்ணீர் அதன் வழியாக நேரே கம்பிக்குப் போகும். ஃபுட்டிங்கில் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட் வேண்டும். அந்த உயரத்தில் கான்கிரீட் கவர் பிளாக் கடையிலேயே கிடைக்கிறது, விலையும் சொற்பம். நான் அன்று வேலையை நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அரை நாள் போனது.

பிறகு தூண் கம்பியை எல் வடிவில் வளைத்து மேட்டின் மேல் நிறுத்துவார்கள். மேலே நூலைக் கட்டி, தூக்குக்குண்டை விட்டு, நடு சரிதானா என்று பாருங்கள். இரண்டு அங்குலம் நகர்ந்தால் சுவர் வரும்போது தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

கான்கிரீட் விஷயத்தில் மேஸ்திரி 1:1½:3 என்பார். அது எம்20 என்ற வலிமைத் தரத்தின் கணக்கு; எண் கூடினால் வலிமை கூடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 படி மண்ணுக்குள் புதையும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்25, அரிக்கும் உப்பு மண்ணானால் எம்35. இதை இன்ஜினியரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக்கூடாது, கடற்கரைப் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்ற வேண்டாம். ஐந்தடிக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி தனியே பிரியும், தகரம் வைத்துச் சரியவிடுங்கள். வைப்ரேட்டர் கட்டாயம்.

பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா) சிமெண்ட் என்றால் 10 நாளாவது சாக்கு போட்டு நனைக்க வேண்டும். அப்புறம் மண்ணை அரையடி, முக்காலடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்து மூடலாம். மூடும் முன் ஒவ்வொரு ஃபுட்டிங்கிலும் டேப்பை நீட்டி, நீளம், அகலம், உயரம் தெரிய போட்டோ எடுங்கள். அந்தப் பணத்தை நான் போட்டது இந்த போட்டோக்களை எடுத்த பிறகுதான்.