விமானச்சீட்டு எடுத்தாச்சு, பிள்ளையின் ஊசி அட்டையைப் பார்த்தாச்சா?

நல்லூர்த் திருவிழாவுக்கோ, பள்ளிக்கூட விடுமுறைக்கோ, தம்பியின் கலியாணத்துக்கோ ஊருக்குப் போவதென்று முடிவானால் முதலில் சீட்டு விலை பார்ப்போம். பிறகு யாருக்கு என்ன வாங்கிக்கொண்டு போவதென்று பட்டியல் எழுதுவோம். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை நினைவுக்கு வருவது பெரும்பாலும் பெட்டிகளை நிறுத்துப் பார்க்கிற கிழமையில்தான். அப்போது வைத்தியரிடம் ஓடினால் பாதிக்குக் காலம் கடந்திருக்கும். சில ஊசிகளுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை போகவேண்டும். போட்ட ஊசி உடம்பில் வேலை செய்யவும் ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே பயணத்துக்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்கு முன்பே குடும்ப வைத்தியரிடமோ பயண மருத்துவ நிலையத்திலோ நேரம் எடுத்துவிடுங்கள். பிந்திவிட்டது என்றாலும் போங்கள். கடைசிக் கிழமையில் போட்டாலும் பயன் தருகிற ஊசிகள் உண்டு.

கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ நேரே இலங்கைக்குப் போகிற பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசியும் கட்டாயமில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாக வருபவர்களிடம் மட்டும்தான் சான்றிதழ் கேட்பார்கள். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் யாரும் உங்கள் பிள்ளையின் அட்டையைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. தீர்மானம் முழுக்கத் தாய் தகப்பன் கையில்தான்.

அந்தத் தீர்மானத்தில் எங்களைத் தடுக்கிற எண்ணம் ஒன்று உண்டு: எங்கட ஊர்தானே. போனில் ஊசிக் கதை எடுத்தால் மாமியும் அதைத்தான் கேட்பார்: "ஏன் பிள்ளை, நீங்களும் இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே வளந்தனீங்கள்?" உண்மைதான், நாங்கள் வளர்ந்தோம். ஆனால் கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஹரோவிலும் பிறந்த பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்து வளரவில்லை. தாயிடமிருந்து கருவில் கிடைக்கிற எதிர்ப்புச் சக்தியும் சில மாதங்களில் கரைந்துபோகும்.

சுற்றுலாப் பயணி விடுதியில் தங்கி, போத்தல் தண்ணீர் குடித்து, பத்து நாளில் திரும்பிவிடுவார். நாங்கள் அம்மம்மா வீட்டில் ஒரு மாதம் நிற்போம். கிணற்றில் அள்ளிக் குளிப்போம், கோயில் அன்னதானத்தில் இருந்து சாப்பிடுவோம், கைக்குழந்தையை ஊரே தூக்கிக் கொஞ்சும். வெளிநாட்டுப் பயணத்தில் நெருப்புக்காய்ச்சல் (டைஃபாய்டு) தொற்றிக்கொண்டு கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலாப் பயணிகள் அல்ல, சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர்கள். சொந்த ஊருக்குப் போகிறவர்தான் கூடுதலாக ஆயத்தம் செய்யவேண்டும்.

சின்னமுத்து: முதலில் இதைப் பாருங்கள்

ஒரேயொரு ஊசியைப் பற்றித்தான் யோசிக்க நேரமிருக்கிறது என்றால் அது சின்னமுத்து உட்பட மூன்று நோய்களைத் தடுக்கிற எம்எம்ஆர். தமிழகத்தில் தட்டம்மை என்று சொல்லும் சின்னமுத்து, காற்றில் பரவும் நோய். நோயாளி அறையை விட்டுப் போய் இரண்டு மணித்தியாலம் வரை கிருமி அங்கே நிற்கும். தடுப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். டுபாயிலோ டோகாவிலோ விமானம் மாறக் காத்திருக்கும் சனக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2019 இல் அறிவித்தது. 2023 இல் அது மீண்டும் பரவியது. இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, ஊரில் வருத்தம்" என்று நினைப்போம். கனடாவில் 2025 இல் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்குச் சின்னமுத்து வந்தது. அந்த ஆண்டு நவம்பரில், சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியைக் கனடா இழந்தது. ஊசி போடாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கிருந்து அங்கே நோயைக் கொண்டு போகிறவர்கள் நாங்களாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் ஊசி போடும் வயது வராத மருமகன் ஒருவன் தொட்டிலில் கிடப்பான்.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் முதல் எம்எம்ஆர் ஒரு வயதில். உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம், போகிற மாதம் மார்கழி என்றால் என்ன செய்வது? ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு ஊசி போடலாம். பிரித்தானியா, கனடா, அமெரிக்கா மூன்றிலும் மருத்துவ வழிகாட்டல் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பல பெற்றோருக்கு இது தெரியாது, நாங்கள் கேட்காமல் எல்லா வைத்தியரும் சொல்வதுமில்லை. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு வயதுக்கு முன் போடும் இந்த ஊசி கணக்கில் சேராது. பிறகு வழக்கமான இரண்டையும் போட்டே ஆகவேண்டும். இலங்கையில் முதல் எம்எம்ஆர் ஒன்பது மாதத்தில், இரண்டாவது மூன்று வயதில். ஒரு வயதுக்கு முன் போடுவது ஊரில் புதுமையே இல்லை.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். கனடாவின் ஒன்ராறியோவில் இரண்டாவது ஊசி நாலுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட வயதில். பிரித்தானியாவில் அண்மைக்காலம் வரை மூன்று வயது நான்கு மாதத்தில். அதற்குள் பயணம் வந்தால், முதல் ஊசி போட்டு நான்கு கிழமை கழிந்திருந்தால் இரண்டாவதையும் முன்தள்ளிப் போடலாம். இதையும் கேட்டுத்தான் பெறவேண்டும்.

எம்எம்ஆர் போட்டு ஆறு நாளுக்குப் பிறகு, பன்னிரண்டு நாளுக்குள், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், மெல்லிய தடிப்பும் போடலாம். தானாக மாறிவிடும். ஆனால் பயணத்துக்குப் பத்து நாள் முன்னர் ஊசி போட்டால் அந்தக் காய்ச்சல் சரியாக விமானத்தில் வந்து நிற்கும். மூன்று கிழமைக்கு முன்பே போட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, பக்கத்து இருக்கைக்காரருக்கும் நிம்மதி.

தாய் தகப்பனும் தங்கள் கணக்கைப் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் வடகிழக்கில் பிறந்தவர்கள் பலரிடம் ஊசி அட்டையே இல்லை, இடம்பெயர்வில் போய்விட்டது. அந்த நாட்களிலும் பிள்ளைகளுக்கான மருந்தை எங்கள் சமூகம் விடவில்லை. 1995 இலிருந்து போலியோ சொட்டுமருந்து நாட்களுக்காக, யுனிசெஃப் முயற்சியில், இரண்டு பக்கமும் துப்பாக்கியை ஓயவைத்த நாட்கள் இருந்தன. உங்களுக்கு எம்எம்ஆர் போட்டதா என்று தெரியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஏற்கனவே போட்டிருந்தாலும் தீங்கில்லை. கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் அது போடக்கூடாது.

நாய்க்கடி: முன்பே ஊசி போடுவதா?

இதில்தான் பெற்றோர் உண்மையிலேயே சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் வளர்கிற பிள்ளைக்கு நாய் என்றால் கழுத்தில் பட்டி கட்டி, ஊசி போட்டு, வீட்டுக்குள் படுக்கிற செல்லப்பிராணி. ஊரில் ஒழுங்கை முகப்பில் படுத்துக்கிடக்கிற நாயையும் அப்படியே கட்டிப்பிடிக்கப் போகும். வேலியோரம் குட்டி போட்ட தாய்நாயிடம் குட்டியைத் தூக்கக் கையை நீட்டும். கீறினால், ஏச்சு விழும் என்று அம்மாவிடம் சொல்லாது. விசர்நாய்க்கடி நோயான ரேபிஸ் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. உலகத்தில் விசர்நாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றிலொரு பங்கினர் இந்தியாவில். இலங்கையில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது, இல்லாமல் போகவில்லை.

முன்பே போடும் ஊசி, நாட்டுக்கு நாடு, இரண்டு அல்லது மூன்று. ஒரு கிழமையிலிருந்து நான்கு கிழமைக்குள் முடிந்துவிடும். விலை கூட, பல இடங்களில் கையிலிருந்துதான் கட்டவேண்டும். போட்டுவிட்டால் கடிக்குப் பிறகு ஒன்றுமே தேவையில்லை என்று எண்ணாதீர்கள். அப்போதும் மருத்துவமனைக்குப் போகவேண்டும், ஆனால் இரண்டு ஊசியோடு முடியும். போடாதவருக்கு நாலைந்து ஊசி. கடி ஆழமென்றால் காயத்துக்குள்ளேயே ஏற்றுகிற, உடனே காக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். சின்ன மருத்துவமனைகளில் அது எப்போதும் கைவசம் இருக்காது.

என்னைக் கேட்டால், இரண்டு கிழமை யாழ்ப்பாணம் நகரத்தோடு நின்றுவிட்டுத் திரும்பும் குடும்பம் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு நாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்தால் போதும். கோடை விடுமுறை இரண்டு மாதமும் வன்னியிலோ, படகேறி வரவேண்டிய நெடுந்தீவிலோ நிற்கப் போகிறீர்கள், பிள்ளை ஓடித்திரிகிற வயது என்றால், நகை வாங்குகிற காசில் கொஞ்சத்தை இதற்கு எடுங்கள்.

கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, முதல் வேலை கிணற்றடிக் குழாயைத் திறந்து சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் முழுதாகக் கழுவுவது. பிள்ளை அழும், பாட்டி "போதும்" என்பார், நிறுத்தாதீர்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் பூசவேண்டாம். பிறகு தாமதிக்காமல் அரசாங்க மருத்துவமனைக்கு. இலங்கையில் இந்த ஊசி அங்கே இலவசம். போட்ட ஊசியின் பெயரையும் திகதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிச்ச ஊசிகள் நீங்கள் திரும்பிய பிறகு வரலாம்.

மற்றவை

நெருப்புக்காய்ச்சல் ஊசி இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. பயணத்துக்கு இரண்டு கிழமை முன் ஒரே ஊசி, இரண்டு மூன்று வருடம் தாங்கும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மலசலகூடக் குழியிலிருந்து கசிவது கிணற்றுக்குப் போக அந்தக் கல் அதிகம் தடுப்பதில்லை, காணிகளும் இப்போது நெருக்கம். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் கொதிக்கவைத்து ஆற்றித்தான் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாய்ப்பாலும் கொதித்த நீரும்தான் காவல். செங்கமாரிக்கு (மஞ்சள் காமாலை) காரணமான ஹெபடைட்டிஸ் ஏ நோய்க்கான ஊசியையும் அதோடு சேர்த்துப் போடலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் அது பெரும்பாலான பிள்ளைகளின் வழக்கமான அட்டவணையில் இல்லை. ஹெபடைட்டிஸ் பி ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்பில்தான் போடுகிறார்கள். ஆகவே சின்னப் பிள்ளைக்கு முன்பே போடமுடியுமா என்று கேளுங்கள்.

பிரித்தானியாவில் பிறக்கும் எங்கள் குழந்தைகளுக்குக் காசநோய்க்கான பிசிஜி ஊசி கிடைக்கும்: தாய், தகப்பன், பாட்டன், பாட்டி யாராவது காசநோய் கூடிய நாட்டில் பிறந்திருந்தால் போதும். இலங்கை, இந்தியா இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இலங்கை 2016 செப்டெம்பரிலிருந்து மலேரியா ஒழிந்த நாடு, குளிசை தேவையில்லை. ஊரோடு சேர்த்துத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் போகிறீர்கள் என்றால் போகும் இடங்களைச் சொல்லிக் கேளுங்கள். வயல் சூழ்ந்த ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பவர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் கேட்கவேண்டும். இலங்கைப் பிள்ளைகளுக்கு அதை ஒரு வயதில் போடுகிறார்கள்.

டெங்குவுக்கு எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பயணத்துக்கு முன் வழக்கமாகப் போடுகிற ஊசி என்று ஒன்றில்லை. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. வடக்கில் அது கூடுவது மாரிமழைக்குப் பின், மார்கழி தையில், சரியாக நாங்கள் போகிற நேரம். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில். பெட்டியில் கொண்டுபோன அட்வில், நியூரோஃபென் போன்ற இபுப்ரோஃபென் மருந்துகள் வேண்டாம். டெங்குவென்றால் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தம் சோதிக்கக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள் ஒத்துவராதபோது

தாய் போடுவோம் என்பார், தகப்பன் இத்தனை ஊசி பிள்ளை தாங்குமா என்பார். அல்லது மறுவளமாக. வட்ஸ்அப்பில் வந்த காணொளி ஒன்று நடுவில் நிற்கும். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளவேண்டாம், பிள்ளை மேலுள்ள அக்கறையில் வருவது அது. எம்எம்ஆருக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது 1998 இல் பிரித்தானிய மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட, பன்னிரண்டே பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010 இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019 இல் வெளியான ஆய்வு அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று காட்டியது. இதைச் சொல்லியும் மனம் ஆறாவிட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வைத்தியரிடம் போய் இருந்து கேளுங்கள். ஒருவர் போய் வந்து மற்றவருக்குச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். தடிமன், மூக்கொழுகலுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதும் போகிறதென்றால் மட்டும் முதலிலேயே சொல்லவேண்டும்.

ஒன்ராறியோவின் மஞ்சள் அட்டை, பிரித்தானியாவின் சிவப்புப் புத்தகம், எதுவானாலும் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள். ஊரில் எந்த ஊசி போட்டாலும் அதையும் திரும்பி வந்து குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யவேண்டும்.

வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்புப் போட்டால் நேரே போய் வைத்தியரின் காத்திருப்பு அறையில் இருக்கவேண்டாம். முதலில் போன் எடுத்து, இலங்கை போய் வந்தோம் என்று சொல்லுங்கள். வேறு வழியால் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். தடிப்பில்லாத காய்ச்சல் என்றாலும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாவிட்டால் அங்கே நெருப்புக்காய்ச்சலையோ டெங்குவையோ யாரும் நினைக்கமாட்டார்கள். எட்டு மாதத்தில் எம்எம்ஆர் போட்ட குழந்தைக்கு ஒரு வயது ஊசி இன்னும் பாக்கி, அதற்கான நேரத்தையும் அதே அழைப்பில் எடுத்துவிடலாம்.