விடையை எழுதியவரின் சொல்லால் தேடுவது எப்படி?

தேடல் பெட்டியில் எதைத் தட்டுவது என்று யோசிப்பதற்கு முன், அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்ற பட்டியலைத் தேடல் அமைப்பு முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. நாம் தேடும் நொடியில் அது ஆவணங்களைப் படிப்பதில்லை. அந்தப் பட்டியலைத்தான் புரட்டுகிறது. ஆகவே நாம் நினைக்கும் சொல் ஆவணத்தில் இல்லையென்றால், விடை இருந்தும் நம் கண்ணில் படாமல் போகலாம்.

இது அரிதாக நேர்வதன்று. ஒரு பொருளுக்குத் தாமாகவே பெயர் சூட்டச் சொன்னால், இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987-இல் காட்டினார்கள். பழைய ஆவணம் ஒன்றை 'ஒப்பந்தம்' என்ற சொல்லால் ஒரு பிற்பகல் முழுவதும் நான் தேடியிருக்கிறேன். அதை எழுதியவர் 'உடன்படிக்கை' என்று தலைப்பிட்டிருந்தார். அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை இது: என் கேள்வியை அப்படியே தட்டாமல், இதற்கான விடையை ஒருவர் எழுதியிருந்தால் எந்தச் சொற்களால் எழுதியிருப்பார் என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சொற்களைத் தட்டுகிறேன்.

அந்தச் சொற்கள் தொடக்கத்தில் நமக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. முதல் தேடலை விடைக்காகச் செய்யாமல் சொற்களைச் சேகரிப்பதற்காகச் செய்யுங்கள். 'படியேறும்போது முழங்கால் வலி' என்று தேடி, வரும் இரண்டு மூன்று பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தால், 'மூட்டுத் தேய்மானம்', 'குருத்தெலும்பு' போன்ற சொற்கள் கிடைக்கும். அடுத்த தேடலை அவற்றைக் கொண்டு செய்தால், மருத்துவர்கள் எழுதிய பக்கங்கள் மேலே வரத் தொடங்கும். ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே விடையைப் பெறுவதாக இல்லாமல், செடிக்குச் செடி நகர்ந்து சிறுபழங்களைப் பறிப்பதைப் போல, வழியில் கிடைப்பதைக் கொண்டு கேள்வியையே மாற்றிக்கொண்டு செல்வதுதான் மனிதரின் உண்மையான தேடல் என்று தகவல் அறிவியல் ஆய்வாளர் மார்சியா பேட்ஸ் 1989-இல் விளக்கினார்.

கூகுள் 2019-இல் பெர்ட் என்ற மொழி மாதிரியை, அதாவது சொல்லின் பொருளை அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு கணிக்கும் மென்பொருளை, தன் தேடலில் சேர்த்தது. இத்தகைய மாற்றங்களால், பெரிய தேடுபொறிகளில் முழு வாக்கியமாகக் கேட்டாலும் ஓரளவு பொருத்தமான விடை வருகிறது. ஆனால் நூலகப் பட்டியல்கள், மின்னஞ்சல் பெட்டிகள், அலுவலக ஆவணக் களஞ்சியங்கள் ஆகியவற்றில் பலவும் இன்னும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுகின்றன. அங்கெல்லாம் வாக்கியம் உதவாது; இரண்டு அல்லது மூன்று அழுத்தமான சொற்களே உதவும்.

தமிழில் தேடுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. 'வழக்கறிஞர்' என்று எழுத்துக்கு எழுத்து தேடினால் 'வழக்கறிஞரை', 'வழக்கறிஞரிடம்' என்று வரும் இடங்கள் விடுபடும். வேற்றுமை உருபு ஏறும்போது கடைசி எழுத்தின் புள்ளி மறைந்துவிடுகிறது. அத்தகைய இடங்களில் 'வழக்கறிஞ' என்று சொல்லை நடுவிலேயே நிறுத்தித் தேடுங்கள். பிறமொழிப் பெயர்களை வழங்கும் எல்லா வடிவங்களிலும் தேடிப் பாருங்கள்: பேஸ்புக், ஃபேஸ்புக், முகநூல் மூன்றும் ஒன்றுதான் என்பதை எல்லா அமைப்புகளும் அறிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது. டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் உருவான கோப்புகள் திரையில் தமிழாகவே தெரிந்தாலும், அவற்றின் உள்ளே இருப்பவை இன்று பொதுவாகப் புழங்கும் யூனிகோடு என்ற குறியாக்கத்தின் எழுத்துகள் அல்ல என்பதால் தேடலில் அகப்படுவதில்லை. படமாக வருடப்பட்ட பக்கங்களும் எழுத்துணரி மென்பொருளால் வாசிக்கப்படும் வரை அப்படித்தான். இத்தகைய கோப்புகளில் 'முடிவுகள் இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிடாமல், பொருளடக்கத்தைப் பார்த்துக் கண்ணால் தேடுவதே பாதுகாப்பானது.

தேடுபொறியில் சொற்களோடு சேர்த்து இடும் குறிகளில் மூன்றைப் பழகிக்கொண்டால் போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால், அதே வரிசையில் அச்சொற்கள் வரும் பக்கங்களைத் தேடுபொறி முதன்மையாகத் தேடும். கணினி காட்டும் பிழைச் செய்தியைத் தேட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் உங்கள் பயனர் பெயரோ கோப்பின் பெயரோ இருந்தால் அதை நீக்கிவிடுங்கள், ஏனென்றால் அது வேறு யாருடைய பக்கத்திலும் இருக்காது. வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளியின்றிக் கழித்தல் குறியை இட்டால், அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகும். சைட் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டி, முக்காற்புள்ளியும் தளத்தின் முகவரியும் இடைவெளியின்றிச் சேர்த்தால், அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடலாம். பல தளங்களின் சொந்தத் தேடல் பெட்டியைவிட இது நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன்.

தேடல் பெட்டியை விட்டுவிட்டு இணைப்புகளின் வழியே நடப்பதும் ஒரு முறைதான். இணைப்பில் உள்ள சொற்கள் தரும் குறிப்பை மோப்பம் பிடித்தே மக்கள் நகர்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் முன்வைத்த கருத்து. இதைப் பயன்படுத்தத் தெரிந்தால் நேரம் மிச்சமாகும்: இரண்டு இணைப்புகளைக் கடந்த பிறகும் தேடும் பொருள் நெருங்குவதாகத் தோன்றவில்லையென்றால், மேலும் உள்ளே போகாமல் தொடங்கிய இடத்துக்குத் திரும்புங்கள். சரியான பக்கத்தை அடைந்துவிட்டால், கண்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்திப் பக்கத்துக்குள்ளேயே சொல்லைத் தேடுங்கள். நீண்ட அறிக்கைகளை முதல் வரியிலிருந்து உருட்டிக்கொண்டே போகும் பலரைப் பார்க்கும்போது, இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று வருந்துகிறேன்.

சொந்தக் கோப்புகளின் நிலை வேறு. தேடும் வசதி எவ்வளவு மேம்பட்டாலும், கோப்பு இருக்கும் இடம் நினைவில் உள்ளவரை மக்கள் கோப்புறைகளைத் திறந்து செல்வதையே விரும்புகிறார்கள் என்று ஓஃபர் பெர்க்மன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே கோப்புறைகளின் அடுக்குகளைக் குறைவாக வைத்துக்கொண்டு, கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். அப்போது பெயர்வரிசையே காலவரிசையாக அமைந்துவிடும். ஒரே பொருளுக்குப் புழங்கும் இரண்டு பெயர்களையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிட்டால், பிற்பாடு எந்தச் சொல்லால் தேடினாலும் அது கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் அகப்படவில்லையென்றால், தேடிய சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தத் துறையில் பணிபுரியும் ஒருவரை அணுகுங்கள். அவரிடம் விடையைக் கேட்க வேண்டியதில்லை, "இதை உங்கள் துறையில் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லைக் கொண்டு முதலிலிருந்து மீண்டும் தேடத் தொடங்குங்கள்.