இலைக்கணக்கில் மொத்தத்தைச் சேமிக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில், அன்றாட எடை ஓர் அட்டவணையிலும், மாத மொத்தம் விவசாயியின் பெயருக்கு நேரே இன்னொரு பத்தியிலும் பதிவாகின. 42 கிலோவை 24 என்று பதிந்த எழுத்தர் மறுநாளே எடையைத் திருத்திவிட்டார். ஆனால், திருத்தும் திரையில் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். மாதக் கடைசியில் அந்த விவசாயி தம் சிட்டையை விரித்து, 18 கிலோ குறைவதைக் காட்டினார்.

அந்தப் பத்தியே தேவையற்றது. 300 பேர் நாளுக்கு ஓர் எடை போட்டாலும் ஆண்டுக்கு 1,09,500 வரிசைகள்தாம். விவசாயி எண்ணுக்கும் தேதிக்கும் சேர்த்து தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் இருந்தால், ஒருவரின் மாதக் கணக்குக்கு முப்பது வரிசைகளைக் கூட்டினால் போதும். வேகம் குறைகிறதா என்று அளந்து பார்க்காமலேயே மொத்தத்தைச் சேமித்ததுதான் என் தவறு.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது என்பேன். ஒரே தகவலை இரண்டு இடங்களில் வைக்காத இயல்பாக்கம் என்ற பெயரில் பில்லில் விலையை எழுதாமல், விலை அட்டவணையிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொள்வோர் உண்டு. பச்சை இலைக்கான குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. அட்டவணையில் நடப்பு விலை மட்டுமே இருந்தால், புது விலை ஏறியதும் பழைய பில்களின் தொகையும் மாறிவிடும். அன்று கொடுத்த விலை கணக்கிட்டுப் பெறும் மதிப்பு அல்ல, நடந்துவிட்ட ஒரு செய்தி. ஈரத்துக்காகக் கழித்த விகிதமும் அப்படியே.

மொத்தத்தைச் சேமித்தே ஆக வேண்டுமென்றால், எடையும் மொத்தமும், இரண்டும் சேர்ந்தே நிறைவேறும் அல்லது இரண்டுமே நிறைவேறாத ஒரே டிரான்சாக்‌ஷனில் மாற வேண்டும். பழைய மொத்தத்தை நிரலுக்குள் படித்து, கூட்டி, திரும்ப எழுதினால், ஒரே கணக்கில் இரண்டு தராசுகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும் பதிவுகளில் ஒன்று காணாமல் போகலாம். கூட்டலைத் தரவுத்தளத்தின் அப்டேட் கட்டளையே செய்யட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வினவலின் விடையைச் சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்டு வியூ தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. போஸ்ட்கிரெஸின் 12-ஆம் பதிப்பில் வந்த, தன் மதிப்பைத் தானே கணக்கிடும் பத்தியான ஜெனரேட்டட் காலம் தன் வரிசையை மட்டுமே பார்க்கும் என்பதால், கழிவு போக நிகர எடைக்கு உதவுமே தவிர மாத மொத்தத்துக்கு உதவாது.

இப்போது பில் கொடுத்து மாதத்தை மூடிய பிறகே மொத்தத்தைச் சேமிக்கிறோம். அதற்குப் பின் தெரியவரும் பிழை, பழைய வரிசையைத் தொடாமல் அடுத்த மாதத்தில் தனித் திருத்தப் பதிவாக ஏறுகிறது.