பிரெஞ்சு–பிரஷ்யப் போர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சும், பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிரஷ்ய அரசும் மோதிய கதையை எழுதும்போது, அதை 1870-ஆம் ஆண்டுப் போரில் தொடங்குவதுதான் முதல் தவறு. 1757-இலேயே ராஸ்பாக்கில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக், தம்மைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரிய பிரெஞ்சுக் கூட்டுப்படையை ஒரே பிற்பகலில் சிதறடித்திருந்தார். இந்தப் பின்னணி தெரியாவிட்டால், 1806-இல் பிரஷ்யத் தளபதிகளுக்கு இருந்த மிதப்பு புரியாது.

அந்த 1806-இல்தான் அதிகக் குழப்பம். அக்டோபர் 14 அன்று நடந்தது ஒரு போர் அல்ல, இரண்டு. யெனாவில் நெப்போலியன் வென்றது பிரஷ்யத் தளபதி ஹோஹன்லோஹேயின் படையை. அதையே பிரஷ்யாவின் முக்கியப் படை என்று அவர் நினைத்துக்கொண்டார். முக்கியப் படையோ வடக்கே ஆவர்ஷ்டெட்டில் பிரெஞ்சு மார்ஷல் தாவூவின் மீது வந்து விழுந்தது. தாவூவிடம் இருந்தவர்கள் சுமார் 27,000 பேர். எதிரே ஏறக்குறைய 60,000. காலை மூடுபனியில் பிரெஞ்சுக் காலாட்படை சதுரமாக அணிவகுத்து நிற்க, பிரஷ்யத் தளபதி புளூஹரின் குதிரைப்படை மீண்டும் மீண்டும் மோதிப் பின்வாங்கியது. பிரஷ்யத் தலைமைத் தளபதி பிரன்சுவிக் கோமகன் படுகாயமடைந்தார். (1792-இல் பிரான்சுக்குள் படையெடுத்து வந்து, வால்மியில் பிரெஞ்சுப் படையை வெல்ல முடியாமல் திரும்பிப் போன அதே கோமகன்தான்.) நெப்போலியனோ தம் அறிக்கையில் இதை யெனாவின் ஒரு பகுதிபோலச் சுருக்கிவிட்டார். வென்றவரின் அறிக்கையை அப்படியே நம்பி எழுதினால் தாவூ காணாமல் போய்விடுவார். அன்றைய சாதனை அவருடையது என்பதே என் கணிப்பு.

வாட்டர்லூவை ஆங்கிலேயரின் வெற்றி என்று மட்டும் எழுதுவதும் பிசகு. 1815 ஜூன் 16 அன்று லிக்னியில் நெப்போலியனிடம் தோற்றுக் குதிரையோடு விழுந்த புளூஹர், இரண்டே நாளில் படையைத் திரட்டிக்கொண்டு வந்து பிரெஞ்சு வலப்புறத்தைத் தாக்கியிருக்காவிட்டால் முடிவு எப்படி இருந்திருக்குமோ! புளூஹருக்கு அப்போது வயது 72.

1870 போருக்கு வந்தால், பிரான்சின் செடான் நகரில் சரணடைந்தவர் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். முதலாமவரின் தம்பி மகன். எதிரே நின்றதும் பிரஷ்யா மட்டும் அல்ல. பவேரியரும் சாக்சனியரும் கூடவே போரிட்டார்கள்.

பிரஷ்யர் நல்ல துப்பாக்கியால் வென்றார்கள் என்று எழுதுபவர்களும் உண்டு. உண்மை நேர்மாறானது. பிரெஞ்சு வீரர்களின் ஷாஸ்போ துப்பாக்கி, பிரஷ்யரின் டிரைசே துப்பாக்கியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தூரம் சுட்டது. ஆகஸ்ட் 18 அன்று சென் பிரிவா கிராமத்தை நோக்கித் திறந்த சரிவில் ஏறிய பிரஷ்யக் காவற்படை சுமார் 8,000 பேரை இழந்தது. பிரஷ்யருக்குக் கைகொடுத்தவை பின்புறம் குண்டு நிரப்பும் குருப் எஃகுப் பீரங்கிகளும், ரயில் அட்டவணைப்படி ஆட்களை எல்லைக்குக் கொண்டுவந்த திட்டமிடலும். பிரெஞ்சுப் பக்கத்தில் படைப்பிரிவு எல்லைக்குப் போய்விட, அதில் சேர வேண்டிய ரிசர்வ் வீரர்கள் முதலில் தொலைவிலிருந்த கிடங்குக்குப் போய்ச் சீருடை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செடானோடு போர் முடிந்ததாக எழுதுவது கடைசித் தவறு. செப்டம்பர் 2 அன்று பேரரசர் பிடிபட்டார். 4-ஆம் தேதி பாரிஸில் குடியரசு பிறந்தது. போர் இன்னும் ஐந்து மாதம் நீண்டது. 1871 ஜனவரி 28 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகும், அதில் சேர்க்கப்படாத பெல்ஃபோர் கோட்டை தாக்குப்பிடித்தது. அரசின் உத்தரவு வந்த பிறகே, பிப்ரவரி 18 அன்று, அதன் வீரர்கள் ஆயுதங்களோடு வெளியேறினார்கள். அது இருந்த அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் போனபோதும் பெல்ஃபோர் பிரான்சிடமே தங்கியது.