மலையில் ஓய்வுக்கால வீடு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை

கோத்தகிரியில் எங்கள் பழைய வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே 38 படிகள். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அன்று நல்ல மழை. ஆம்புலன்ஸ் மேலே ரோட்டில் நின்றது. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டின் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினோம். பாசி பிடித்த ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் விரல்கள் என் சட்டையை இறுக்கிப் பிடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த வீட்டு ஜன்னலில் நின்றால் கீழே சமவெளி வரை தெரியும். அதற்காகத்தான் அப்பா அந்த இடத்தை வாங்கினார். வயதான பிறகு மலையில் வாழ ஆசைப்படுகிறவர்கள் காட்சியைப் பார்த்து நிலம் வாங்காதீர்கள். வண்டி நிற்கும் இடத்துக்கும் உங்கள் கட்டிலுக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பாருங்கள். திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 1: முதலில் வாடகைக்கு இருங்கள்

முடிந்தால் ஒரு வருடம், குறைந்தது அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதலே தென்மேற்கு கொட்டும். அப்புறம் பனி. ஏப்ரலில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுத்தால் மூட்டுவலியும் இளைப்பும் என்ன செய்யும் என்று தெரியாது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

படி 2: சரிவைப் படியுங்கள்

இதில் அவசரமே வேண்டாம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே பாறைக்கு மேல் பல இடங்களில் கனமான செம்மண் போர்வை. தண்ணீர் உள்ளே இறங்கி வெளியேற வழியில்லாமல் நின்றால் மண் கனத்து, பிடி விட்டு நகரும்.

அதனால் நிலத்தை மழை நாளில் போய்ப் பாருங்கள். மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா, தரையில் பிறை போல விரிசல் ஓடுகிறதா, ஊற்று கசிகிறதா? பக்கத்துத் தடுப்புச்சுவரையும் கவனியுங்கள். அதில் விட்டிருக்கும் குழாய்த் துளைகளில் தண்ணீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. மழை கொட்டியும் துளை காய்ந்திருக்க, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்றால் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. அந்த இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, ‘லெவல் பண்ணிய’ மனை. பின்பக்கம் மலையை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டி நிரவியிருப்பார்கள். கொட்டிய மண் எது, பழைய மண் எது என்று குழி தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டிய மண்ணின் மேல் அஸ்திவாரம் கூடாது. அம்மாவுக்காகப் புது வீடு கட்டியபோது நாங்கள் தடுப்புச்சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, மேலே ஒரு வாய்க்கால் எடுத்து, மழைநீரை வீட்டைச் சுற்றிக் கடத்திவிட்டோம். ஹாலுக்கு வாங்க நினைத்த தேக்குக் கதவின் பணம் அதில் போனது. வருத்தமே இல்லை.

படி 3: பத்திரமும் அனுமதியும்

30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கூடலூர் பக்கம் ‘பிரிவு 17 நிலம்’ என்று காதில் விழுந்தால் விலகிவிடுங்கள். 1969ஆம் ஆண்டு ஜென்மி ஒழிப்புச் சட்டத்தில் வரும், உரிமை தீராத நிலம் அது. மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜேசிபி இறக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஊர் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று வரைபடம் போடுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

படி 4: ஒரே மட்டத்தில் வரையுங்கள்

கார் நிற்கும் இடம், வாசல், ஹால், சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் ஒரே மட்டம். மாடி வேண்டுமானால் பேரப்பிள்ளைகளுக்கு. சாய்தளம் வந்தால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வாசல் ரோட்டை விட இரண்டடி உயர்ந்தாலே 24 அடி போய்விடும். மனை வாங்கும்போதே இதை அளந்துவிடுங்கள். கதவுகள் மூன்றடி அகலம். குளியலறையில் சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம். கைப்பிடிக் கம்பியைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அது வரும் இடத்தில் சுவரைக் கட்டும்போதே கெட்டியாக்குங்கள். டைல்ஸ் சொரசொரப்பாக இருக்கட்டும்.

படுக்கையறைக்குக் கிழக்கு, தெற்கு வெயில் வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வடக்கு அறையில் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகையில் மணமே இல்லாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

படி 5: பாதையும் பக்கத்து வீடும்

பெரிய சிகிச்சைக்குக் கோயம்புத்தூர்தான் என்றால் மலைப்பாதை முக்கியம். எங்களுக்கு அடிவாரத்து மேட்டுப்பாளையம் போக கோத்தகிரி வழி, குன்னூர் வழி என்று இரண்டு உண்டு. ஒன்று மண் சரிந்து அடைபட்டால் மற்றொன்று. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளின் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், சொல்லி வையுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடாவது இருக்கட்டும். இரவில் கரடியும் காட்டுமாடும் நடமாடும் ஊர் இது.

படி 6: பூச்சு வேலைக்கு முன் தள்ளிப் பாருங்கள்

ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்து வந்தோம். மேஸ்திரியை உட்காரவைத்து, கார் நிற்கும் இடத்திலிருந்து தள்ளினேன். ஹால், படுக்கையறை எல்லாம் சரி. குளியலறை நிலைப்படியில் ஒரு அங்குல மேட்டில் முன்சக்கரம் முட்டி நின்றது. “தண்ணி வெளிய வராம இருக்கத்தான் சார் வெச்சேன்” என்றார். உள்ளே தரைச் சரிவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்து, அன்று சாயங்காலமே உளி எடுத்து அதைக் கொத்தி எடுத்தார். அடுத்த நாள் காலையில் அம்மாவை அழைத்து வந்து, அதே வழியில் தள்ளிக்கொண்டு போனேன்.