ஐடி பட்டநெறி வரையப் போகிறீர்களா? முதலில் லாப் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

வவுனியாவில் ஒரு ஐடி பட்டநெறிக்கான கலைத்திட்டக் குழுவுக்குள் என்னையும் இழுத்து விட்டார்கள். படிப்பிக்கத் தெரிந்தவனுக்குப் பாடத்திட்டம் எழுதுவது பெரிய வேலையா என்றுதான் போனேன்.

படி 1: பட்டம் முடித்த பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பாடங்களின் பெயர் அப்புறம். கணினித்துறையின் சர்வதேச அமைப்புகளான ஏசிஎம்மும் ஐஇஇஇயும் சேர்ந்து வெளியிட்ட ஐடி2017 வழிகாட்டியில் வலையமைப்பு, இணையப் பாதுகாப்பு, பயனர் அனுபவம் என்று 10 அடிப்படைத் துறைகள் உண்டு. பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொப்பியடிக்க வேண்டாம்.

படி 2: கிரெடிட். இலங்கைத் தகைமைகள் சட்டகப்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணித்தியால உழைப்பு. விரிவுரையாக இருந்தால் அதில் 15 மணிதான் வகுப்பு; மிச்சம் சுயபடிப்பு, ஒப்படை, பரீட்சை. செயன்முறைக்கு 30 முதல் 45 மணி.

நான் சறுக்கியது இங்கேதான். 3 கிரெடிட் பாடம் ஒவ்வொன்றுக்கும் விரிவுரை 45, செயன்முறை 45 என்று தாராளமாக எழுதிவிட்டேன். பருவத்துக்கு 15 வாரம், 5 பாடம். ஆக வாரம் 15 மணி லாப், அதாவது கணினி ஆய்வுகூடம். பிள்ளைகள் 60 பேர், கணினி 30. இரண்டு குழுவாகப் பிரித்தால் 30 மணி. முதல் மூன்று வருடத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து 90! லாப் திறந்திருப்பதோ வாரம் 40 மணி. நேரசூசி போடுகிறவர் தாளைப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

விரிவுரை 30, செயன்முறை 30 என்று மாற்றி, லாப் தேவைப்படும் பாடங்களைப் பருவத்துக்கு மூன்றாகக் குறைத்தேன். 36 மணி. அடங்கியது.

இந்தக் கணக்கை வேர்டில் போடாதீர்கள். கூகிள் சீட்ஸில் எல்லோரும் ஒரே பிரதியில் வேலை செய்யலாம்; 'இறுதி', 'இறுதி2' என்று கோப்புகள் பெருகாது. இன்னொன்று, காலபோக அறுவடை நாட்களில் பெரிய ஒப்படை வைக்காதீர்கள். பாதிப் பேர் வயலில் நிற்பார்கள்.

படி 3: பல்கலைக்கழகத்தின் செனட், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதி. படிவம் இருக்கிறது, நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: தொழிற்பயிற்சிக்கும் 50 மணிதானா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, கிரெடிட்டுக்கு ஆகக் குறைந்தது 100. 6 கிரெடிட் என்றால் 600 மணி; வாரம் 40 வீதம் 15 வாரம், அதாவது ஒரு முழுப் பருவம். பலர் கொழும்பில் அறை எடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டிவரும். அந்தப் பருவத்தில் வேறு பாடம் எதையும் செருகிவிடாதீர்கள்.