அசோகரின் கல்லெழுத்தை நீங்களே வாசிக்கலாம்

நான் சைன் போர்டு எழுதிப் பிழைத்தவன். ராயபுரத்திலும் மண்ணடியிலும் ஒரு காலத்தில் என் எழுத்து இல்லாத தெரு குறைவு. ஃப்ளெக்ஸ் வந்து பிரஷ்ஷுக்கு வேலை போன பிறகு பழைய எழுத்துகள் பக்கம் திரும்பினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு அசோகர் காலத்து எழுத்தான பிராமியைச் சொல்லித் தருகிறேன். தமிழ் எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், அதோடு எழுந்து போய்விடுவீர்கள். முதலில் சில எழுத்துகள். க என்பது கூட்டல் குறி. ர வெறும் நேர்கோடு. வ, வட்டத்தின் தலையில் நிற்கும் ஒரு கோடு. ம, வட்டத்தின் மேல் மல்லாந்த ஓர் அரைவட்டம். ய அச்சு அசல் நங்கூரம். ராயபுரம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏ முக்கோணம், இ மூன்று புள்ளி. ப நம்முடைய ப மாதிரியேதான், இடது கால் மட்டும் உயரம். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் எழுதிப் பழகுங்கள்.

அடுத்ததுதான் ருசியான பகுதி. கூட்டல் குறியின் தலையில் வலப்பக்கம் சின்னக் கோடு இழுத்தால் கா. இடப்பக்கம் இழுத்தால் கே. இரண்டு பக்கமும் இழுத்தால் கோ. நாம் இன்று எழுதுவதைப் பாருங்கள்: கா-வுக்குத் துணைக்கால் வலம், கே-க்குக் கொம்பு இடம், கோ-வுக்கு இரண்டு பக்கமும். 2,200 ஆண்டுகளுக்கு மேலாகியும் பக்கம் மாறவில்லை! உகரத்துக்குக் கோடு கீழே வரும். எழுத்துக்கு வலப்பக்கம் தனிப் புள்ளி இருந்தால் ம் என்று படியுங்கள்.

சரி, இனி கல்லுக்குப் போகலாம். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1925-இல் வெளியிட்ட அசோகர் கல்வெட்டுத் தொகுதியின் ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மைப்படிப் படங்களும் (கல்லின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுத்த படிகள்) அதில் உண்டு. அதில் அசோகரின் சாசனங்கள் உள்ள குஜராத்தின் கிர்னார் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவின் தௌலியில் ர எல்லாம் ல ஆகிவிடும், ராஜா லாஜா ஆவார். புதிதாகப் படிப்பவருக்குத் தலைசுற்றும்.

முதல் சாசனத்தில் அரசர் தன் சமையலறைக் கணக்கைச் சொல்கிறார். முன்பு தினமும் குழம்புக்காகப் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன. இப்போது இரண்டு மயில், ஒரு மான், மானும் தினமும் இல்லை. இனி இந்த மூன்றும் கொல்லப்படா. அந்த வரியில் ‘மோரா ஏகோ மகோ’ (மயில்கள், ஒரு மான்) என்ற இடத்தைத் தேடுங்கள். மொழி பிராகிருதம், அந்தக் காலத்து வடநாட்டுப் பேச்சு மொழி. ‘மகோ’வில் வரும் க மட்டும் கூட்டல் குறி இல்லை, கூரை வடிவம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த எழுத்துகளே. ‘ப்ரிய’ போன்ற கூட்டெழுத்து வந்தால் இப்போதைக்குத் தாண்டிப் போங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் பெரும்பாலும் இருக்காது. வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

அப்புறம் இரண்டாம் சாசனம். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், மூலிகை நடவு, வழியெங்கும் கிணறும் மரமும். இதெல்லாம் எல்லைக்கு வெளியேயும் நடந்ததாகச் சொல்லும் பட்டியலில் ‘சோடா பாடா ஸதியபுதோ’ என்று வரும். பிள்ளைகள் சோடாவுக்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அது சோழர், அடுத்தது பாண்டியர். ஸதியபுதோ யார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

கொஞ்சம் கை பழகியதும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களைப் போய்ப் பாருங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). சில பலகைகளில் பிராகிருத வரிகள் உண்டு. அசோகருக்குப் பிந்தியவை என்பதால் கோடுகளின் தலை தடித்திருக்கும். போர்டு எழுதுபவன் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

பிறகு திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பை. 1981-இல் அங்கே கண்டறிந்த குகைக் கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். கிர்னாரில் படித்த அதே ஸதியபுதோ, இங்கே அதியமானின் பட்டம்! வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் மட்டும் தேய்க்காதீர்கள். வெவ்வேறு பக்கத்திலிருந்து படம் எடுத்து வந்து நோட்டில் வரைந்து பாருங்கள்.